ஒரு வாய்தானே

மௌத்தானவர்களைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பார்கள். நல்லதையே பேசுகிறேன். என் மதினி தன் ஆயுளில் யாரையும் பட்டினி போட்டதில்லை. அவர் மேல் எனக்குள்ள முறைப்பாடும் அதுதான்.

மதினி என்றால் என் மனைவியின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போக வேண்டும். மருதமுனையில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்த நான் அப்படித்தான் நிந்தவூருக்கு வந்து சேர்ந்தேன். மாமனார் ஒரே வளவைப் பிரித்து இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். நடுவில் மதில். மதிலில் ஆள் ஒருவர் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வாசல், ராத்தாவும் தங்கச்சியும் தெருவில் இறங்காமல் போய்வருவதற்காக வைத்தது. அந்த வாசலால் ஊர்க் கதை வந்தது, கறிவேப்பிலை வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். எல்லாவற்றையும் விட அதிகமாக மதினியின் கோப்பை வந்தது.

மேலே ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து மூடிய ஆழமான கோப்பை. அவர் வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். அதற்குப் பின்னால் தலையிலிருந்து முழங்கால் வரை ஒரு பெரிய சால்வை. தங்கச்சி மாப்பிள்ளைக்கு முன்னால் அந்தச் சால்வை இல்லாமல் அவர் ஒரு நாளும் நின்றதில்லை. உள்ளே இருப்பவர் மெலிந்தவரா பருத்தவரா என்று எனக்குத் தெரியாது. பருத்தவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சமைக்கிறவர் வேறு எப்படி இருப்பார்?

"தம்பி, ஒரு வாய் பாருங்க."

"இப்பதான் மதினி தின்டன்."

"ஒரு வாய்தானே!"

அதற்கு மேல் பேச்சில்லை. கோப்பையைத் திறந்து முன்னால் வைத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கோப்பை வெறுமையாகும்வரை அசைய மாட்டார். பசிக்கிறதா என்று கேட்க மாட்டார். தின்கிறீர்களா என்று கேட்க மாட்டார். எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. மற்றவர்களுடைய பசி அவருக்குத்தான் தெரியும், அந்த மற்றவர்களுக்குத் தெரியாது.

கலியாணம் முடித்த முதற் கிழமை, புதுமாப்பிள்ளை என்று சொல்லி என்னை அவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். காலையில் இடியப்பமும் மாட்டுக் குடல் பாபத்துக் கறியும். பத்து மணிக்கு முட்டையும் சர்க்கரையுமாக வட்டிலப்பம். பகலைக்கு நெய்ச்சோறு. பின்னேரம் ஏதோ ஒரு பணியாரம், எண்ணெய் கையில் வழியும். மூன்றாம் நாள் கிணற்றடியில் குந்தியிருந்து குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்தேன். பின்னால் குரல் கேட்டது.

"வெறும் வவுத்தோட இரிந்தா சத்தி வரும்தானே. நான் கஞ்சி கொண்டு வாறன்."

வயிற்றில் இடமில்லாமல் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு வயிறு வெறுமை என்று தீர்ப்புச் சொன்ன ஒரே ஆளை நான் அன்றுதான் சந்தித்தேன். கஞ்சியும் வந்தது. குடித்தேன்.

என்னை மட்டுமில்லை. மின்சார மீற்றர் பார்க்க வருகிறவர் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் மதினி வீட்டுப் படலையடியில் கொஞ்சம் தயங்கித்தான் நிற்பார். ஒருமுறை அவர் தலையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் விறாந்தையில் இருந்து புட்டும் மீனாணமும் தின்றுகொண்டிருந்ததை மதில் வாசலால் பார்த்தேன். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. உறைப்பா, கவலையா என்று நான் விசாரிக்கவில்லை. எதிரே நிலையில் சாய்ந்து மதினி நின்றார்.

ஆனால் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. என் மனைவியும் கண்டதில்லையாம். கேட்டால் "மறுகா தின்னுவன்" என்பார். அந்த மறுகா எப்போது வருமோ தெரியாது.

அவருடைய மாப்பிள்ளை, அதாவது என் சகலன், சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர், அதிகம் கதைக்க மாட்டார். சீனி வருத்தம் இருந்தது. டாக்டர் எதையெல்லாம் விலக்கினாரோ அதெல்லாம் மதினியின் கோப்பையில் வந்தது. "ஒரு வாய்தானே, ஆச மனிசன்" என்று வட்டிலப்பத்தை வெட்டி வைப்பார். மனிதரும் மறுக்கத் தெரியாதவர். முதலில் கால் விரல் போனது, பிறகு கால், பிறகு ஆளே போய்விட்டார். மதினிதான் அவரைக் கொன்றார் என்று நான் சொல்லவில்லை. கொன்றது சீனி வருத்தம். அதற்கும் வேளை தவறாமல் சாப்பாடு போட்டவர் மதினி.

மாப்பிள்ளையை இழந்து இத்தா இருந்த அந்த மாதங்களில் அவர் ஆண்களின் கண்ணில் படக் கூடாது. எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். மதில் வாசலால் ஒரு கை மட்டும் நீண்டது. கையில் கோப்பை.

நான் இப்படி எரிந்து விழும்போதெல்லாம் என் மனைவி ஒரு கதையைச் சொல்வாள். அதை நானும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அவர்களுக்கு ஒரு தம்பி இருந்தான். நடை பழகிய வயது. அவனுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. கொடுத்தால்தான் போகும், ஒன்றும் கொடுக்காதே என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தண்ணீர்கூட இல்லை. சின்னப் பெண்ணாக இருந்த மதினியைப் பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் காவலுக்கு இருத்தினார்கள். ஒரு வாய் தண்ணி, ஒரு வாய் தண்ணி என்று பிள்ளை கேட்டிருக்கிறான். பெரியவர்கள் சொல்லைத் தட்டாமல் இவர் கொடுக்காமல் இருந்திருக்கிறார். பிள்ளை காய்ந்துபோய் மௌத்தாகிவிட்டான்.

கேட்டால் யாரும் இரங்குவார்கள். நானும் இரங்கினேன். ஆனால் அந்தக் கதையை முன்னால் வைத்து எங்கள் குடும்பமே மதினிக்கு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது. சகலனின் காலையும் பொறுத்தார்கள். ஒரு துக்கம் இருந்தால் ஊரார் வயிற்றையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளலாமா? நான் பொறுக்கவில்லை.

இனி ஜிம்மி.

வளவின் பின்பக்கத்தில் நான் முட்டைக்கோழி வளர்க்கிறேன். கீரியும் மரநாயும் கோழியை விட்டுவைக்கவில்லை. பாண்டிருப்பில் எனக்குத் தீவனம் தருகிற நண்பர் ஒரு குட்டியைத் தந்தார். மண்ணிறம், ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. காவலுக்கு நாய் வைக்க மார்க்கத்தில் இடமிருக்கிறது என்றாலும் ஒழுங்கையில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். முதலில் சுளித்தவர் மதினி.

"நாயிரிக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க தம்பி."

"கூட்டடியிலதான் கட்டுறன் மதினி. ஊட்டுக்குள்ள எடுக்கல."

ஒரு கிழமை போகவில்லை, வானவர்களான அந்த மலக்குமாரை மறந்துவிட்டார். ஜிம்மிக்கு முன்னால் மீன்தலையும் சோறும் கிடந்தது. நாயைத் தொட மாட்டார். தொட்டு ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. சால்வையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு எட்ட நின்று சிரட்டையைத் தள்ளிவிடுவார். தொடுவதற்குத்தான் பயம், ஊட்டுவதற்கு இல்லை.

அன்றிலிருந்து என் பாடு நாய்ப்பாடு ஆகிவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வைத்தார், அடுத்த நாள் வயிற்றோட்டம். கலியாண வீட்டுச் சஹன் தட்டில் மிஞ்சிய கோழி எலும்பை அள்ளிக்கொண்டு வந்தார், அடுத்த நாள் மலத்தில் இரத்தம். பால் தேத்தண்ணீர்கூட ஊற்றி வைத்திருக்கிறார். நான் நாய் வயிற்றுக்குப் பாதி வைத்தியனாகிவிட்டேன். வயிறு குழம்பினால் அரைநாள் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது, ஒரேயடியாகக் குடிக்க விடவும் கூடாது. பிறகு குழைய அவித்த சோற்றில், தோலும் கொழுப்பும் நீக்கி உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழி இறைச்சியைப் பிய்த்துப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். படியச் சுணங்கினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. பல்முரசு வெளிறினால் யோசிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து, ஒரு தடியால் நாயின் மலத்தைக் கிண்டிப் பார்த்து, அன்றைய நாள் எப்படிப் போகும் என்று கணிக்கிற மனிதனாக என்னை ஆக்கியவர் மதினி. துடைத்து, கழுவி, மருந்து பருக்கி முடிந்தால் கிணற்றடியில் மண் வாளி காத்திருக்கும். கழுவிக் கழுவி என் விரலிடுக்கெல்லாம் உரிந்துபோனது.

ஒரு நாள் நேரே சொல்லிப் பார்த்தேன்.

"மதினி, இதுக்கு ஒண்டும் வைக்காதீங்க. இதுட வவுறு தாங்காது."

"நான் சும்மா வைக்கல தம்பி. அது பாத்துக்கிட்டு இரிந்திச்சு."

"நாய் எண்டா பாக்கும்தானே!"

"ஒரு உசிர் பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள நாம எப்பிடித் தின்னுற?"

நீங்கள் எங்கே தின்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். பக்கத்தில் மனைவி நின்றதால் கேட்கவில்லை.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மதினியின் முற்றத்தில்தான் குர்பான் மாட்டைப் பங்கு வைத்தார்கள். நான் முதல்நாளே ஜிம்மியைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால், முற்றம் தெரியாத இடத்தில், சங்கிலியில் கட்டினேன். மனைவியிடம் சொன்னேன், மதினியிடம் இரண்டு தரம் சொன்னேன். பிறகு எங்கள் ஆட்களுக்குரிய பங்கை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் மருதமுனைக்குப் போனோம். மஃரிபுக்கு முன்பு திரும்பி வந்து கூட்டடிக்குப் போனேன். ஜிம்மிக்கு முன்னால் மாட்டுக் கொழுப்பு வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. அது தின்று மிஞ்சியது. நாய் எழும்பவே முடியாமல் வாலை மட்டும் ஆட்டியது.

மறுநாள் காலையில் மஞ்சளாக வாந்தி. தண்ணீர் குடித்தால் தண்ணீரும் வந்தது. முன்னங்கால்களை நீட்டி நெஞ்சை நிலத்தில் அழுத்திக்கொண்டு, பின்பக்கத்தைத் தூக்கியபடி நின்றது. வயிற்றைத் தொட்டால் முனகியது. இத்தனை தரம் பார்த்த எனக்கே இது வேறு மாதிரி என்று விளங்கிவிட்டது. முரசைத் தூக்கிப் பார்த்தேன், வெளிறிப்போயிருந்தது.

ஓட்டோக்காரர் நாயைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறை. "காக்கா, சீற்றெல்லாம் ஏழு தரம் கழுவ ஏலா. பெருநாள் நாள், குறை நினைக்காதீங்க." நான் குறை நினைக்கவில்லை. பைக்கின் பின்னால் முட்டை கட்டுகிற பிளாஸ்டிக் கூடையில் சாக்கை விரித்து, ஜிம்மியை வைத்து, கயிற்றால் கட்டிக்கொண்டு கல்முனைக்குப் போனேன். அந்தப் பெரிய வீதியில் பெருநாள் உடுப்போடு போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மிருக வைத்தியர் ஒரு பெண், பாண்டிருப்பு ஆள். வயிற்றை அழுத்திப் பார்த்து, ஊசி போட்டு, சேலைன் ஏற்றினார்.

"நானா, கொழுப்பு திண்டதா?"

"ஓம். மாட்டுக் கொழுப்பு."

"கணையம் வீங்கிப்போச்சு. இனிக் கொழுப்பு உள்ள போனா தாங்காது. நாளைக்குப் பகல் வரைக்கும் ஒண்டும் குடுக்காதீங்க. தண்ணி மட்டும், நாக்கு நனையுற அளவுக்கு. மற்றதுக்குச் சேலைன் இருக்கு. நாளைக்குக் கொண்டு வாங்க, பாப்பம்."

"தப்புமா?"

"வயித்துக்கு ஓய்வு குடுத்தா தப்பும்."

இவ்வளவுதான் வேண்டியது. ஒரு பகல், ஓர் இரவு, யாரும் ஒன்றும் கொடுக்காமல் இருக்க வேண்டும். உலகத்தில் வேறெந்த வீட்டிலும் இது ஒரு வேலையே இல்லை.

திரும்பி வந்து பைக்கை நிறுத்தும்போதே மதில் வாசலில் சால்வை தெரிந்தது.

"டாக்குத்தர் என்ன செல்லின தம்பி?"

"நாளைக்குப் பகல் வரைக்கும் ஒண்டும் குடுக்கப்படாதாம்."

"பெருநாள் நாளுக்குள்ளயா?" அவர் குரல் உண்மையாகவே நடுங்கியது. "இந்த நாலு நாளும் மனிசனுக்கே நோன்பு பிடிக்கிறது ஹறாம் தம்பி. இந்த நாள்ல ஒரு உசிரப் பட்டினி போட்டா அல்லாஹ்ட்ட என்ன செல்லுற?"

"அது நமக்கு மதினி. நாய்க்கு நோன்புமில்ல, பெருநாளுமில்ல."

"வவுறு எல்லாருக்கும் ஒண்டுதான்."

"மதினி, கேளுங்க. நீங்க வச்ச கொழுப்பாலதான் இது இப்பிடிக் கிடக்கு. இன்னொரு தரம் வச்சா செத்துப்போகும்."

என்னைத் தாண்டி நாயைப் பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு பூட்டை எடுத்துவந்து, அந்த மதில் கட்டிய நாளிலிருந்து ஒரு தரமும் பூட்டாத வாசலைப் பூட்டினேன். என் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்க, ராத்தாக்கா பூட்டுறீங்க?"

"நாளைக்குத் துறப்பன்."

அஸருக்குப் பாங்கு சொன்னது. பள்ளிக்குப் போகுமுன் சாவியை அவள் கையில் கொடுத்தேன். "ஆரு தட்டினாலும் துறக்கப்படாது."

"ஆரு தட்டுவாங்க எண்டு செல்லுங்களன்" என்று அழும் குரலில் கேட்டாள். தாயில்லாமல் போன பிறகு தன்னைத் தூக்கி வளர்த்தவருக்கு எதிராகத் தன் கையில் ஒரு சாவியைத் தந்துவிட்டேன் என்பதை அந்த முகம் சொன்னது. நான் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வாசல் திறந்து கிடந்தது. பூட்டு மதிலின் மேல் இருந்தது. ஜிம்மியின் கோப்பை துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், எண்ணெய். மஞ்சளும் இஞ்சியும் மணத்தது. எலும்பு போட்டுக் காய்ச்சிய இறைச்சிக் கஞ்சி. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலால் எழும்பினவனுக்கும் கொடுக்கிற கஞ்சி. கொழுப்பு மிதக்க மிதக்கக் காய்ச்சினால்தான் அது நல்ல கஞ்சி. மதினியின் கஞ்சி ஊரிலேயே நல்ல கஞ்சி.

அவர் கூட்டடியில் நின்றுகொண்டிருந்தார். ஓடவில்லை, ஒளியவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி.

"ஒரு வாய்தான் குடுத்த தம்பி. என்ன ஆசயாக் குடிச்சிச்சு தெரியுமா?"

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. ஜிம்மியின் பக்கத்தில் போய் இருந்தேன்.

இருட்டுமுன்னே வாந்தி தொடங்கிவிட்டது. டாக்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொண்டு வாருங்கள், இன்னொரு ஊசி போட்டுப் பார்ப்போம் என்றார். கொண்டுபோனேன், போட்டார், கொண்டு வந்தேன். மறுநாள் நடுப்பகல் ளுஹருக்கு முன் ஜிம்மி செத்துவிட்டது. கடைசியாகக் கிள்ளி விட்ட பிடரித் தோல் அப்படியே நிமிர்ந்து நின்றது, படியவில்லை.

கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடங்கு வெட்டிக்கொண்டிருக்கும்போது மதினி வந்தார்.

"அதுட நாள் முடிஞ்சிட்டு தம்பி. அல்லாஹ்ட நாட்டம்."

மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

"நாட்டமா? அந்தச் சின்னப் புள்ளைக்கிக் குடுக்காத ஒரு வாய் தண்ணிய இண்டைக்கும் ஊரெல்லாம் ஊத்திக்கிட்டுத் திரியிறீங்க மதினி. ஆருக்கு என்ன நடந்தாலும் உங்களுக்கு விளங்காது. நீங்க ஊட்டுறது எங்களுக்கில்ல, அந்தப் புள்ளைக்கி. அது எப்பயோ போயிட்டு."

என் மனைவி "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் யாரும் அதை மதினியின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள இன்றைக்கும் எனக்கு மனமில்லை. மதினி சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மதில் வாசலால் போனார். நான் நாயைப் புதைத்துவிட்டு, மண் வாளியை எடுத்துக் கை கழுவத் தொடங்கினேன்.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. துக்கம் என்று யாரும் சொல்லவில்லை. மனைவி என்னோடு கோபம், நான் எல்லோரோடும் கோபம், அதனால் மூட்டவில்லை. பின்னேரம் மதில் வாசலில் சால்வை தெரிந்தது. கையில் கோப்பை.

எனக்கு இரத்தம் கொதித்தது. அவர் வந்து விறாந்தை மேசையில் கோப்பையை வைத்து, மேலே கவிழ்த்த பீங்கானை எடுத்தார். வெள்ளைச் சோறு, பருப்பு, புளியாணம். எல்லார் வீட்டிலும் பெருநாள் இறைச்சி வைக்க இடமில்லாமல் கிடந்த நாளில் பருப்பும் புளியாணமும். எங்கள் ஊரில் மௌத்து வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். மதினி எத்தனையோ மௌத்து வீட்டுக்குக் கொண்டுபோன சாப்பாடு இது. ஒரு நாய்க்காக யாரும் இதைக் கொண்டுபோய் நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் நிலையில் சாயவில்லை. மேசைக்கு முன்னால் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி நின்றார்.

"தம்பி, தின்னுறீங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இத்தனை வருடங்களில் அவர் என்னிடம் அதைக் கேட்டது அன்றுதான். ஜிம்மியிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கும். வேண்டாம் என்று சொல்லக்கூடியவன் நான்.

"வேணாம் மதினி."

அவர் பீங்கானைக் கவிழ்த்து மூடி, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு நல்ல பசி. அந்தப் பருப்பின் மணம் விறாந்தையை விட்டுப் போகச் சுணங்கியது.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்குக் கோப்பை வரவில்லை. ஒழுங்கை முழுவதும் போனது, மீற்றர் பார்ப்பவருக்கும் போனது, எங்கள் வாசலுக்கு மட்டும் வரவில்லை. மனைவி அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். நான் வென்றுவிட்டேன். வென்றவன் வீட்டில் வெறும் சோறும் சம்பலும்.

மதினி மௌத்தான அன்று, ஜனாஸாவுக்குப் போக நான் சட்டையைப் போடும்போது மனைவி பக்கத்தில் வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"ராத்தாட மகன் எல்லாருக்கிட்டயும் பொருத்தம் கேப்பான். செல்லுங்க. ஒரு சொல்லுதானே."

நான் பொத்தானைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

தொழுகைக்கு முன் அந்த மகன் மௌத்தானவருக்காக மன்னிப்புக் கேட்கக் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றான். "உம்மா உங்கள்ள ஆருக்கும் ஏதும் குறை செஞ்சிரிந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க" என்றான். "பொருந்திட்டம், பொருந்திட்டம்" என்று பள்ளி முழுவதும் சத்தம். எல்லாரும் அவர் கையால் தின்றவர்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் முழங்கையால் என்னை இடித்தார். மண்ணிறத்தில் ஒரு வெள்ளைக் கால் என் கண்ணுக்குள் வந்தது. நான் சொல்லவில்லை.

ஆனாலும் மதினியைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும்போது தங்கச்சி மாப்பிள்ளை என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். பருத்த பெண், கனக்கும் என்று தோளைத் தயார்படுத்திக்கொண்டு காலை ஊன்றி நின்றேன். தூக்கினோம். கனக்கவேயில்லை. சந்தூக்கின் பலகைதான் தோளில் இருந்தது, உள்ளே ஒரு சின்னப் பிள்ளை படுத்திருக்கிறமாதிரி. எதிர்முனையைத் தூக்கியவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இவ்வளவு காலமும் அந்தச் சால்வைக்குள் ஒன்றும் இருக்கவில்லை. மையவாடி வரைக்கும் நான் தோள் மாற்றிக் கொடுக்காமல் சுமந்தேன். ஒரு வாய் தின்றிருக்கலாமே மதினி என்று வழியெல்லாம் அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே போனேன். அதையும் நான் இன்னும் பொருந்தவில்லை.